மூலம் என்று விட்டுவிடும் இரத்தம்: குடலுக்குள் முளைக்கும் ஒரு சின்னச் சதையின் வரலாறு



நீளமான பதிவு. ஒரே மூச்சில் வாசிக்க முடியாவிட்டால் சேமித்து வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். வயிறு, மலம், இரத்தம் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். முகம் சுளிக்க வேண்டாம். அந்த முகச்சுளிப்பைப் பற்றியும் கடைசியில் பேச வேண்டியிருக்கிறது.

மலத்தோடு இரத்தம் போனால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு பெயர்தான்: மூலம். உடம்புச் சூடு, கொச்சிக்காய் கூடிப்போனது, தண்ணீர் குடிக்காதது என்று காரணமும் உடனே வரும். கருணைக்கிழங்கு அவித்துச் சாப்பிடு, மோர் குடி, துத்தி இலையை வதக்கிக் கட்டு என்று ஆளுக்கொரு கைமருந்து சொல்வார்கள். பல வேளைகளில் அது உண்மையாகவே மூலமாகத்தான் இருக்கும். ஆனால் அதே இரத்தம் பெருங்குடலின் உட்சுவரில் முளைத்திருக்கும் ஒரு சின்னச் சதையிலிருந்தும் வரலாம்.

அந்தச் சதை முளையை வைத்தியர்கள் பொலிப் என்கிறார்கள். சிலது காளான் மாதிரிக் காம்போடு நிற்கும். சிலது தட்டையாகப் படர்ந்திருக்கும். அநேகமானவை ஆயுள் முழுக்க ஒரு தொல்லையும் தராது. ஆனால் அடினோமா என்ற வகையில் சில, ஏறத்தாழப் பத்து வருடம் எடுத்து, மெதுவாகப் புற்றுநோயாக மாறிவிடும். அந்தப் பத்து வருடத்துக்குள் கண்டு நறுக்கி எடுத்துவிட்டால் அந்த முளையிலிருந்து வர இருந்த புற்றுநோய் வராது. இவ்வளவு தெளிவாக, இவ்வளவு நீண்ட அவகாசம் தந்து தடுக்க இடம் கொடுக்கும் புற்றுநோய்கள் மிகச் சில.

இந்த அறிவு மனிதனுக்கு எப்படிக் கிடைத்தது, அதில் எங்கள் தேயிலை மலைக்கு என்ன பங்கு இருந்தது, இன்று நாம் எங்கே நிற்கிறோம் என்பதுதான் இந்தப் பதிவு.

1. பெயரில் தொடங்கிய குழப்பம்

பொலிப் என்பது கிரேக்கச் சொல். பல கால்கள் உள்ளது என்று பொருள். கடலில் பல கைகால்களோடு இருக்கும் பிராணிகளுக்கு வைத்த பெயரை, மூக்குக்குள் வளரும் சதைக்கும் கிரேக்க வைத்தியர்கள் வைத்தார்கள். அந்தக் காலத்தில் உயிரோடு இருக்கும் மனிதனின் குடலைப் பார்க்க வழி இல்லை. மூக்கைப் பார்க்கலாம். அதனால் பொலிப்பின் வரலாறு மூக்கில்தான் தொடங்குகிறது.

நமது பக்கத்து மருத்துவ நூல்கள் வேறு மாதிரிப் பெயர் வைத்தன. சுசுருதர் மூலத்துக்கு அர்சஸ் என்று பெயர் சொல்லி, மூக்கில் வளரும் சதையை நாசார்சஸ், அதாவது மூக்கு மூலம், என்கிறார். அரபு மருத்துவத்திலும் இதே கதை. மூலத்துக்கு அரபியில் பவாஸீர். மூக்கில் வளரும் சதைக்கு மூக்கின் பவாஸீர். இப்னு ஸீனாவின் நூலிலும் அப்படித்தான். ஆக, பொலிப்பை மூலம் என்று சொல்லும் வழக்கம் பொகவந்தலாவையில் பிறந்தது அல்ல. ஆயிரம் வருடத்துக்கும் மேலான பழக்கம். சதை தொங்குகிறது, இரத்தம் கசிகிறது, அப்படியானால் மூலம். வெளித்தோற்றத்தை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு நியாயமானதுதான்.

இந்த இடத்தில் ஒருவரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்பெயினின் குர்துபா நகருக்கு அருகில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. கி.பி. 936இல் பிறந்து 1013இல் மறைந்தவர். அவருடைய அத்தஸ்ரீஃப் 30 பாகங்கள் கொண்ட நூல். கடைசிப் பாகம் முழுவதும் சத்திரசிகிச்சை. ஆயுதங்களைப் படம் வரைந்தே விளக்கியிருக்கிறார். மூக்குப் பொலிப்பைக் கொக்கியால் பிடித்து வெளியே இழுத்து நறுக்க வேண்டும் என்கிறார். உள்ளே எட்டாத இடத்தில் மிச்சம் இருந்தால், இடையிடையே முடிச்சுப் போட்ட ஒரு நூலை மூக்கு வழியாக விட்டுத் தொண்டை வழியாக வெளியே எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து வாள் அறுப்பது போல இழுத்து அறுக்கச் சொல்கிறார். சதையையும் இரத்தத்தையும் சூடு போட்டு நிறுத்தும் முறையிலும் அவர் பெயர் பெற்றவர். 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெராட் இந்தப் பகுதியை இலத்தீனுக்கு மொழிபெயர்த்தார். பிறகு பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மாணவர்கள் அதைப் படித்தார்கள்.

முடிச்சு நூலையும் சூட்டையும் ஞாபகத்தில் வைத்திருங்கள். 1969இல் நியூயோர்க்கில் அவை திரும்ப வரும்.

2. உள்ளே எட்டிப் பார்க்கும் ஆசை

1806இல் ஜேர்மனியில் பிலிப் பொஸினி என்ற வைத்தியர் ஒரு கருவியை வெளியிட்டார். உள்ளே ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கண்ணாடி, முன்னால் ஒரு குழாய். மெழுகுவர்த்தி வெளிச்சத்தை உடம்புக்குள் அனுப்பிப் பார்க்கும் முயற்சி. 1868இல் அடொல்ஃப் குஸ்மௌல் ஒரு நேரான உலோகக் குழாயை இரைப்பைக்குள் விட்டுப் பார்த்தார். அதை விழுங்க யார் சம்மதிப்பார்? வாள் விழுங்கி வித்தை காட்டும் ஒருவரைத்தான் அதற்குப் பிடித்தார்கள். குழாய் போனது, ஆனால் போதிய வெளிச்சம் இல்லை. 1890களில் அமெரிக்காவின் ஹவர்ட் கெலி மலவாசல் வழியாக விட்டுப் பார்க்கும் நேர்க்குழாயைச் செய்தார். அதில் குடலின் கடைசிச் சாண் மட்டும் தெரியும். பெருங்குடல் வளைந்து வளைந்து போவது. நேரான குழாய் முதல் வளைவிலேயே நின்றுவிடும்.

அதனால் உள்ளே நடப்பதை அறிய வேறு வழி தேவைப்பட்டது. உள்ளேயிருந்து வெளியே வருவதைச் சோதிப்பது. அதாவது மலம்.

இங்கேதான் எங்கள் மலை வருகிறது.

3. மலத்தைக் கேட்டு லயத்துக்கு வந்தவர்கள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்து மக்களைத் தின்றுகொண்டிருந்த குடல் நோய் கொழுக்கிப் புழு. மண்ணில் கிடக்கும் மலத்திலிருந்து புழுவின் குஞ்சுகள் வெளிவந்து, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போகும். பிறகு குடலில் கொழுவிக்கொண்டு இரத்தம் குடிக்கும். முகம் வெளுக்கும், கால் வீங்கும், மூச்சு வாங்கும், மலை ஏற முடியாது. அக்காலத்தில் தோட்டத்து ஆட்களைச் சோம்பேறிகள் என்று எழுதிவைத்த துரைமார் பலர். சோம்பல் என்று அவர்கள் கண்டதில் பெரும்பங்கு இரத்தசோகை.

1912இல் இலங்கை அரசாங்கம் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கும் நோய்களுக்கும் இரண்டு கட்டளைச் சட்டங்களைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் ரொக்பெல்லர் மன்றம் தொடங்கியது. அதன் சர்வதேச சுகாதாரப் பிரிவு கொழுக்கிப் புழுவை ஒழிப்பதைத் தன் முதல் வேலையாக எடுத்தது. கிழக்கு நாடுகளுக்குப் பொறுப்பாக இருந்த விக்டர் ஹைசர் இலங்கைக்கு வந்தார். 1916அளவில் மாத்தளைத் தோட்டங்களில் வேலை தொடங்கியது.

மன்றம் உலகெங்கும் பின்பற்றிய முறை இது. முதலில் ஆட்களின் பெயர்ப்பட்டியல் எடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய சின்னத் தகர டப்பா கொடுப்பார்கள். அதில் கொஞ்சம் மலம் வாங்கி நுணுக்குக்காட்டியில் புழு முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மருந்து. கீனோபோடியம் என்ற செடியின் எண்ணெய், தைமோல் ஆகியவைதான் அன்றைய மருந்துகள். குமட்டும், தலை சுற்றும். கூடவே பேதிக்கும் கொடுப்பார்கள். இந்தியாவிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு மண்டபம் முகாமிலேயே மருந்து கொடுக்கும் ஏற்பாடும் பின்னர் வந்தது.

இதை நான் இனிப்பாகச் சொல்ல விரும்பவில்லை. இந்த அக்கறைக்குப் பின்னால் கொழுந்துக் கணக்கு இருந்தது. ஆள் உடம்பு தேறினால் கூடுதலாகப் பறிப்பான் என்ற கணக்கு. சோம ஹேவா என்ற ஆய்வாளர் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். மருந்துக்குச் சம்மதித்த துரைமார் பலர், லயங்களுக்கு மலசலகூடம் கட்டச் செலவழிக்கத் தயங்கினார்கள். மருந்து குடித்தவர் மறுபடியும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தார். புழு திரும்பி வந்தது. மருந்து மட்டும் போதாது, சுற்றுப்புறமும் மாற வேண்டும் என்று ரொக்பெல்லர் மன்றம் பாடம் படித்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு அந்தப் பாடத்தின் பிள்ளை. இன்று நமக்குத் தெரிந்த எம்.ஓ.எச். அலுவலகம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப நல மாது என்ற ஏற்பாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. நூறு வருடத்துக்கு முன்பே தோட்டத்து மக்களின் மலத்தை வரிசையாகச் சோதித்திருக்கிறார்கள். யாருக்கு நோய் தெரிகிறதோ அவர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நோய் தெரியாதவரையும் தேடிப்போய்ச் சோதித்தார்கள். இன்று மருத்துவ உலகம் ஸ்க்ரீனிங் என்று பெருமையாகச் சொல்லும் முறை இதுதான்.

4. அதே வருடங்களில் லண்டனில்

களுத்துறைப் பிரிவு தொடங்கிய அதே 1926இல், லண்டன் செயின்ட் மார்க்ஸ் வைத்தியசாலையில் கத்பர்ட் டியூக்ஸ் என்ற நோயியல் வைத்தியர் ஒரு கட்டுரை எழுதினார். சத்திரசிகிச்சையில் எடுத்த பெருங்குடல்களை வெட்டிப் பார்த்ததில், சாதாரணப் பொலிப்புகளுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதை அவர் காட்டினார். ஒரு வருடம் முன்னால் அங்கே பணியாற்றிய லொக்ஹார்ட் மம்மெரி, குடல் முழுக்க நூற்றுக்கணக்கான பொலிப் வரும் நோய் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவதை எழுதியிருந்தார். அந்தக் குடும்பங்களின் பதிவேட்டை அந்த வைத்தியசாலை தொடர்ந்து பேணியது. 1970களில் அங்கேயே பசில் மொர்சனும் கூட்டாளிகளும் பொலிப்பிலிருந்து புற்றுநோய் வரையான படிகளைத் தெளிவாக விளக்கினார்கள்.

1988இல் அமெரிக்காவின் பெர்ட் வொகல்ஸ்டைன் குழு மரபணுவுக்குள் போய் அதே படிகளைக் கண்டது. ஒரு நாளில் ஒரே அடியில் வருவது அல்ல இந்தப் புற்றுநோய். ஒரு மரபணு பழுதாகிறது, சின்ன முளை வருகிறது. பிறகு இன்னொன்று பழுதாகிறது, முளை பெரிதாகிறது. இப்படிப் பல பழுதுகள் சேர வருடங்கள் எடுக்கும். மேலே சொன்ன பத்து வருட அவகாசத்தின் காரணம் இதுதான்.

5. வளைந்து போகும் ஒளி

சரி, முளை எங்கே என்று எப்படிப் பார்ப்பது? வளைந்த குடலுக்குள் வெளிச்சத்தை வளைத்து அனுப்ப வேண்டும்.

பஞ்சாபின் மோகாவில் 1926இல் பிறந்தவர் நரிந்தர் சிங் கபானி. ஒளி நேர்கோட்டில்தான் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததைத் தான் ஏற்கவில்லை என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். (என் மாணவர்கள் இதை வாசித்தால், இதைச் சாட்டாக வைத்து விஞ்ஞானப் பாடத்தில் சண்டை பிடிக்க வேண்டாம்.) லண்டனில் ஹெரல்ட் ஹொப்கின்ஸ் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி, அதை வளைத்தாலும் ஒரு முனையில் உள்ள படம் மறுமுனையில் தெரியும் என்று காட்டினார். 1954 ஜனவரியில் நேச்சர் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. அதை வாசித்த பசில் ஹேர்ஷோவிட்ஸ் என்ற தென்னாபிரிக்க வைத்தியர் அமெரிக்காவின் மிச்சிகனில் வளையும் இரைப்பைக் குழாயைச் செய்து, 1957இல் முதலில் தானே விழுங்கிப் பார்த்தார்.

பெருங்குடலுக்கான நீண்ட குழாய்கள் 1960களில் வந்தன. அதுவரைக்கும் பொலிப் இருப்பது தெரிந்தால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். 1969 செப்டம்பரில் நியூயோர்க் பெத் இஸ்ரேல் வைத்தியசாலையில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் வுல்ஃபோடு சேர்ந்து, அந்தக் குழாயின் வழியாகவே ஒரு மெல்லிய கம்பிச் சுருக்கை அனுப்பினார். பொலிப்பின் காம்பில் சுருக்கை மாட்டி இறுக்கி, மின்சாரத்தால் சூடாக்கி அறுத்தார். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. அஸ்ஸஹ்ராவியின் முடிச்சு நூலும் சூட்டுக்கோலும் ஒன்பதரை நூற்றாண்டு கழித்து ஒரே கம்பியில் சேர்ந்தது போல எனக்குத் தோன்றும். ஷின்யா அவரைப் படித்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரே பிரச்சினைக்கு முன்னால் நிற்கும் கெட்டிக்காரர்கள் ஒரே மாதிரி யோசிப்பார்கள்.

6. உண்மையில் உயிர் பிழைக்கிறதா?

மருத்துவத்தில் ஒன்றைச் செய்ய முடிவது வேறு, அதனால் ஆள் பிழைப்பது வேறு. அதை நிரூபிக்க இன்னும் காலம் எடுத்தது.

1993இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்றில் பொலிப் அகற்றப்பட்ட 1,418 பேரைச் சராசரியாக ஆறு வருடமளவு தொடர்ந்து கவனித்தார்கள். ஒப்பிட்ட மற்றக் கூட்டங்களைவிட இவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் 76 முதல் 90 வீதம் வரை குறைந்திருந்தது. மற்றது மினசோட்டா ஆய்வு. 46,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு வருடம் ஒருமுறை மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். இரத்தம் இருந்தவர்களைக் குழாய் விட்டுச் சோதித்தார்கள். 13 வருடத்தில் இந்தப் புற்றுநோயால் வரும் மரணம் 33 வீதம் குறைந்தது. ஒரு துளி மலம், ஓர் அட்டை. தகர டப்பாவின் பேரப்பிள்ளை.

2012இல் வந்த தொடர் ஆய்வில், பொலிப் எடுத்தவர்களிடையே இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் எதிர்பார்த்ததைவிட 53 வீதம் குறைவு என்று தெரிந்தது.

அண்மைய ஆய்வுகளில் நான்கை மட்டும் சொல்கிறேன்.

2022: போலந்து, நோர்வே, சுவீடனில் ஏறத்தாழ 85,000 பேரில் செய்த ஆய்வு. குழாய்ச் சோதனைக்கு அழைப்பு அனுப்பப்பட்டவர்களிடையே பத்து வருடத்தில் புற்றுநோய் 18 வீதம்தான் குறைந்தது. பலர் இதைப் பிடித்துக்கொண்டு சோதனையே வீண் என்று எழுதினார்கள். ஆனால் அழைக்கப்பட்டவர்களில் 42 வீதமானோர்தான் போனார்கள். அழைப்புக் கடிதம் ஒருவரையும் குணமாக்காது. பள்ளிக்கூட வரவு இடாப்பு வைத்திருக்கும் எங்களுக்கு இது நன்றாக விளங்கும்.

2023: தாய்வானில் 4,270 பேரில் செய்த ஆய்வு. சின்னப் பொலிப்புகளை மின்சூடு இல்லாமல் வெறும் சுருக்கால் அறுத்தவர்களில் பிந்திய இரத்தக் கசிவு 0.4 வீதம். சூடு வைத்தவர்களில் 1.5 வீதம். ஆக, சின்னதுக்குச் சூடு தேவையில்லை. பெரிய தட்டைப் பொலிப்புகளுக்கு, கீழே திரவம் ஏற்றி மேலே உயர்த்திவிட்டு எடுக்கும் நுட்பங்கள் இருக்கின்றன.

2025இல் ஒன்று: 11 நாடுகளின் 981 பெருங்குடல் புற்றுநோய்களின் மரபணுக்களைப் பார்த்ததில், சில குடல் பக்டீரியாக்கள் உண்டாக்கும் கொலிபாக்டின் என்ற நஞ்சின் தழும்பு, முதியவர்களைவிட 40 வயதுக்குக் கீழ்ப்பட்ட நோயாளரில் மூன்று மடங்குக்கு மேல் காணப்பட்டது. இந்த நோய் இளையவர்களுக்கு ஏன் வருகிறது என்ற கேள்விக்கு இது ஒரு நூல் முனை. முழு விடை இல்லை.

2025இல் இன்னொன்று: திரையில் பொலிப்பைச் சுட்டிக்காட்டும் செயற்கை நுண்ணறிவு இப்போது வந்திருக்கிறது. அது கண்டுபிடிப்பைக் கூட்டுகிறது. ஆனால் போலந்தில் பார்த்தபோது, அதற்குப் பழகிய வைத்தியர்கள் அது இல்லாமல் செய்த சோதனைகளில் அடினோமா கண்டது 28.4 வீதத்திலிருந்து 22.4 வீதத்துக்கு இறங்கியிருந்தது. கல்குலேட்டர் வந்த பிறகு வாய்ப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று ஆசிரியர்களைக் கேளுங்கள்.

7. இனி எங்கள் ஊர்

லண்டனில் இருக்கும் நம் உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் 50 வயது முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தபாலில் ஒரு சின்னப் பொதி வீட்டுக்கு வரும். ஈர்க்கு மாதிரி ஒரு குச்சியில் மலத்தைத் தொட்டு, குழாயில் போட்டு, தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். ஜப்பானில் இப்படி ஒரு திட்டம் 1992இலேயே வந்துவிட்டது. இலங்கையில் பெருங்குடல் புற்றுநோய் முன்னணிப் புற்றுநோய்களுள் ஒன்று. அது கூடிவருவதாக நமது சத்திரசிகிச்சை நிபுணர்களும் எழுதிவருகிறார்கள். ஆனால் எல்லோரையும் தேடிப்போய்ச் சோதிக்கும் தேசியத் திட்டம் இதற்கு இன்னும் இல்லை. கொழுந்துக்காக என்றாலும் நூறு வருடத்துக்கு முன் லயத்து வாசலுக்கு டப்பா வந்தது. இப்போது நம் உயிருக்காக ஒன்றும் வருவதில்லை.

அதனால் நாமே தேடிப்போக வேண்டியிருக்கிறது. அதில் உள்ள தடைகளை மறைத்து அறிவுரை சொல்வது நேர்மையில்லை.

முதல் தடை பேர். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். பொகவந்தலாவையில் பஸ் ஏறி, நோர்வூட், டிக்கோயா, ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று கடந்து கண்டிக்குப் போய், கிளினிக்கில் எண் எடுத்து, இன்னொரு நாள் வரச் சொன்னால் மறுபடியும் அதே பாதை.

இரண்டாவது தடையை அநேகமாக யாரும் எழுதுவதில்லை. குழாய்ச் சோதனைக்கு முதல் நாள் பேதி மருந்து குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். பத்துத் தடவை, பதினைந்து தடவை போக வேண்டிவரும். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் பொலிப் கண்ணில் படாது. இரண்டு மூன்று குடும்பம் பகிரும் மலசலகூடம், வெளியே மழை, இருட்டு, பீலியில் தண்ணீர் வருமா வராதா என்று தெரியாது. வயதான ஓர் அம்மா இதை எப்படிச் செய்வார்? 1916இல் மருந்து தோற்றது மலசலகூடம் இல்லாததால். இன்று உலகத்தின் மிகச் சிறந்த கமராக் குழாய் வந்தாலும் அதே வாசலில்தான் அதுவும் தடுமாறும். சுகாதாரத்தையும் வீடமைப்பையும் இரண்டாகப் பார்ப்பவர்களுக்கு இந்த மலையின் வரலாறு சொல்லும் பதில் அதுதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. வீட்டில் இந்த வசதி இல்லை என்று வைத்தியரிடமோ தாதியிடமோ வெளிப்படையாகச் சொல்லி, முதல் நாளே வார்டில் அனுமதித்துத் தயார்படுத்த முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

மூன்றாவது தடை அந்த வெட்கம்தான். நம் முஸ்லிம் சமூகத்திலும் சரி, தோட்டத்துச் சகோதரங்களிடமும் சரி, மலவாசல் சம்பந்தப்பட்ட நோயைக் கணவனுக்குக்கூடச் சொல்லாத பெண்கள் இருக்கிறார்கள். மார்க்கத்தில் வெட்கம் நல்ல குணம். அதே மார்க்கத்தில், அறிவு தேடுவதிலிருந்து வெட்கம் தடுக்காத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டியதாகவும் வருகிறது. நோய்க்கு மருத்துவம் தேடுவது நபிவழி. மலம் அசுத்தம்தான். கை கழுவினால் அசுத்தம் போய்விடும். புற்றுநோய் அப்படிப் போகாது.

8. செய்ய வேண்டியது

மலத்தில் இரத்தம் போனால், எந்த வயதானாலும், ஒரு தடவையாவது வைத்தியரிடம் காட்டி அது மூலம்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மூலம் இருப்பவருக்குப் பொலிப்பும் இருக்கலாம். ஒன்று மற்றதைத் தடுக்காது.

மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ சொல்லுங்கள்.

இதை அழுத்திச் சொல்கிறேன்: இரத்தம் குறைவு. பெருங்குடலின் வலப்பக்கத்தில் உள்ள முளை கண்ணுக்குத் தெரியாமல் கசியும். மலம் சிவக்காது, ஆள் வெளுப்பார். கொழுக்கிப் புழுக் காலத்தில் முகவெளுப்பைச் சோம்பல் என்றார்கள். இன்று அதைச் சாப்பாடு போதாமை என்று சொல்லி இரும்புச்சத்து வில்லையோடு விட்டுவிடுகிறோம். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைந்த சோகை வந்தால், அந்த இரத்தம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும்.

தாய், தகப்பன், கூடப்பிறந்தோர் எவருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் வைத்தியரிடம் அதை முதலில் சொல்லுங்கள். உங்களுக்கு நோய்க்குறி இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். அமெரிக்காவில் குடும்ப வரலாறு இல்லாதவர்களுக்கே சோதனை தொடங்கும் வயதை 2021இல் 50இலிருந்து 45க்கு இறக்கியிருக்கிறார்கள்.

தொடக்கம் கண்டியாக இருக்க வேண்டியதில்லை. பொகவந்தலாவை ஆஸ்பத்திரியிலோ, 2017இல் திறந்த டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ முதலில் காட்டலாம். தேவையானால் அவர்கள் மேலே அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் இது இலவசம். குழாய்ச் சோதனையில் குடல் துளைபடுவதும் பெரிய இரத்தக் கசிவும் அரிதாக நடக்கலாம். அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டே சம்மதியுங்கள்.

தோட்டத் தலைவர்மாருக்கும் பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். கண் முகாம், சீனி முகாம் நடத்துகிறோம். மலத்தில் மறைந்த இரத்தம் பார்க்கும் சோதனையையும் சேர்க்க முடியுமா என்று எம்.ஓ.எச். அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கூடவே, அதில் இரத்தம் இருப்பதாகத் தெரிந்தவரைக் கண்டி வரை கூட்டிப்போக ஒருவரையும் பஸ் காசையும் ஒதுக்கி வையுங்கள். சோதித்துவிட்டுக் கைவிடுவது 1916இன் பிழையை மறுபடி செய்வதாகும்.

வாசித்தவர்கள் பகிருங்கள். வீட்டில் எழுத வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால், எட்டாவது பகுதியை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள். இரத்தம் போவதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வார்த்தை கேளுங்கள்.

அல்லாஹ் எல்லோருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக.